கணையமும் கல்யாண ஓலையும்

8.11.2012, வியாழன்
மழை விடவில்லை. இராஜாக்கமங்கலம் ரோட்டில் கப்பல் ஓட்டலாம். அக்காள் மகள் ஜெபாவோடு நாகர்கோவில் ஆஸ்பத்திரி. கண், தோல், நகம் எல்லாம் மஞ்சள். கரண்டு போனால் என் வெளிச்சத்தில் ஊரே பரீட்சைக்குப் படிக்கலாம். கீழாநெல்லி ஒரு ஏக்கர் குடித்தாயிற்று. பலன் பூஜ்யம்.

ஸ்கேனில் கணையத்தில் கல். வீக்கம் வேறு, பித்தக்குழாயை நெரிக்கிறதாம். ரத்தத்தில் சிஏ 19-9 என்று ஒன்று பார்த்தார்கள். முப்பத்தேழுக்குள் நிற்க வேண்டியது. எனக்கு அறுநூற்றுச் சொச்சம்! கணக்கில்கூட இப்படி வாங்கியதில்லை.

டாக்டர்: "புற்றுநோய்லயும் இது ஏறும். பித்தம் அடைச்சாலும் ஏறும். அடைப்பை எடுத்து, மஞ்சள் இறங்கினப்புறம் திரும்பப் பாப்போம்."

நான் இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். வீட்டார் முதலாவதை.

11.11, ஞாயிறு
சர்ச். ஆராதனை முடிவில் போதகர் கல்யாண ஓலை வாசித்தார், மூன்று ஞாயிறு அறிவிப்பதில் முதலாவது. பெண் ஜெபா! தையில் நடக்க வேண்டியது, இந்த மாதக் கடைசியிலாம். அவள் அப்பா, என் அத்தான், தரையைப் பார்த்தார். புரிந்துவிட்டது. நான் போவதற்குள் முடித்துவிடும் அவசரம்.

"ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம்."

ஆதாமுக்கு ஓலை வாசித்த நாள் முதல் எவனும் வாய் திறந்ததில்லை. எழுந்தேன்.

"உண்டும்."

"என்ன ஆட்சேபம்?"

"நான் இன்னும் சாவல்ல."

வெளியே அத்தான்: "மானத்த வாங்கிட்டியே, அளியா!"

"தையில வையும். பந்தி விளம்ப நான் நிப்பேன்."

"அப்பாவ ஏசாதிங்க மாமா," என்றாள் ஜெபா. "நாந்தான் மாத்தச் சொன்னேன். நீங்க இல்லாத கல்யாணம் எனக்கு எதுக்கு?"

அங்கேயே பேசி முடித்தோம்.

மறு ரத்தப் பரிசோதனை வரை இரண்டாம் ஓலை வேண்டாம். மூவரும் சம்மதம்.

14.11, புதன்
திருவனந்தபுரம். வாய் வழியே இறங்கி, பித்தக்குழாய்க்குள் ஒரு குழாய் வைத்தார்கள். பாதாளத்துக்கே சுரங்கம் வெட்டிய மாதிரி. வீக்கத்தில் ஊசி குத்திக் கொஞ்சம் சதையும் எடுத்தார்கள். கஞ்சி மட்டும். தொண்டை எரிச்சல்.

4.12, செவ்வாய்
வெயில். கண் வெள்ளை. எடுத்த சதையில் புற்றணு இல்லை என்று போன வாரமே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் வீட்டில் யாரும் நம்பிச் சிரிக்கவில்லை. அந்த எண் இறங்க வேண்டுமாம்.

இன்று வந்தது. இருபத்தெட்டு.

டாக்டர்: "அடைப்புதான் ஏத்தியிருக்கு. கல்லு அங்கதான் கெடக்கு, மறந்திராதிங்க. மூணு மாசத்துல வந்து காட்டணும்."

ஜெபா ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து போன் போட்டாள். "அப்பா, தையிலயே வைங்க." என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மகத்தான சொற்பொழிவு ஒன்று தயாராக வைத்திருந்தேன். தொடங்குவதற்குள் பஸ் வந்தது. அவளே டிக்கெட் எடுத்தாள்.