கரையில் நீ சொன்ன என் பதில்

மச்சான்,

இன்று காலை சாய்ந்தமருதுக் கரையில் எஞ்சினுக்கு ஊற்றும்போது சிந்திய மண்ணெண்ணெய் என் சட்டைக் கையில் பட்டுவிட்டது. வாகனத்தில் ஏறிக் கண்ணாடியை இறக்கியும் மணம் போகவில்லை. பெருநாளைக்கு உன்னைக் கட்டிப்பிடிக்கும்போதெல்லாம் அத்தருக்கு அடியில் இந்த மணம்தான் இருக்கும்.

பாராளுமன்றம் போயும் எனக்குக் கதைக்கத் தெரியவில்லை என்று நீ கேலி செய்வாய். கூட்டத்தில் நான் அறிக்கை வாசிப்பதுபோலப் பேசி முடிக்க, நீ எழும்பி, "இப்ப எம்.பி. என்ன சொன்னாரெண்டா..." என்று தொடங்குவாய். அதற்குப் பிறகுதான் சனம் தலையாட்டும். ஆட்களுக்கு முன்னால் நான் எம்.பி., ஆளில்லாத இடத்தில் "டேய்". அந்த ஒழுங்கை நீ ஒருநாளும் பிசகவிட்டதில்லை.

நாடு காசில்லாமல் விழுந்து கிடந்த அந்தக் காலத்தில், மீனவருக்கான மண்ணெண்ணெய் மானியத்தை வரவு செலவுத் திட்டத்தில் வெட்டினோம். நானும் ஆதரித்து வாக்களித்தேன். மிஞ்சிய காசு ஆஸ்பத்திரி மருந்துக்கா, தோணி எண்ணெய்க்கா என்றால், மருந்துக்குத்தான் என்று நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன். வெட்கப்பட வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது.

அதை விளக்கும் கூட்டத்துக்காகக் கரைக்கு வரும் வழியில் நீ கேட்டாய்: "டேய், மானியம் திரும்பி வருமா? உண்மையச் சொல்லு."

"அடுத்த பருவத்துக்குள்ள வந்திரும்" என்றேன். வராது என்று எனக்குத் தெரியும். சனத்தின் கோபத்துக்குப் பயந்தேன், வேறொன்றுமில்லை.

கூட்டத்தில் பற்றாக்குறை, மறுசீரமைப்பு என்று சுற்றிச் சுற்றிப் பேசினேன். எல்லாரும் விறைத்துப்போய் இருந்தார்கள். நீ எழும்பினாய். "இப்ப எம்.பி. என்ன சொன்னாரெண்டா, இந்தப் பருவம் மட்டும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருங்க. அடுத்த பருவத்துக்கு எண்ணெ வரும். வராட்டி என்னெயப் புடிச்சிக் கேளுங்க."

உன்னையேதான் பிடித்துக் கேட்டார்கள். அடுத்த பருவம் வந்தது, எண்ணெய் வரவில்லை. தோணிகள் மணலில் கிடந்தன, உன்னுடையதும்தான். வலை சிக்கிச் சண்டை வந்தால் தீர்த்துவைக்க உன்னைக் கூப்பிடுகிறவர்கள், கூப்பிடுவதை விட்டார்கள். தேநீர்க்கடையில் நீ போய் இருந்தால் பேச்சு நின்றுவிடுமாம். இதையெல்லாம் பிறகு உன் மகன் சொல்லித்தான் அறிந்தேன். நான் தொலைபேசியில் கேட்டபோது நீ, "கரையில ஒண்டுமில்ல, நீ உன்ட வேலயப் பாரு" என்றாய். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு நீ நோயில் விழுந்தாய், எழும்பவில்லை. உன்னை அடக்க முன் நடந்த ஜனாஸாத் தொழுகை தொடங்குமுன் உன் மகன் எழுந்து நின்று, வழமையாகக் கேட்பதைக் கேட்டான். "எங்கட வாப்பா யாரையும் சொல்லாலயோ செயலாலயோ நோவிச்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க."

"மன்னிச்சிட்டம்" என்றது கரைச் சனம். முதல் வரிசையில் நின்ற நானும் சொன்னேன், மச்சான். உன்னை மன்னிக்க நான் யார்? எண்ணெய் வரும் என்ற அந்தச் சொல் என்னுடையது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு தக்பீர் கட்டித் தொழுகையில் நின்றேன்.

அதைச் சொல்லத்தான் இன்று காலை கரைக்குப் போனேன். உன்னோடு ஒரே தோணியில் தொழிலுக்குப் போய்வந்த மூத்தவர், நாம் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவர், எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு அவன் பொய் சொல்லல்ல, காக்கா. நான் அவனுக்குப் பொய் சொன்னன்" என்றேன்.

அப்போதுதான் அவர் கை தவறி என் சட்டைக் கையில் சிந்தியது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எங்களுக்குத் தெரியும் எம்.பி. அவரு வருத்தமாப் பாயில கிடக்கக்குள்ள நானே கேட்டன், எம்.பி.தானே உன்னெச் சொல்ல வெச்சாரு எண்டு. இல்ல, நானாத்தான் சொன்னன் எண்டாரு. கடைசி மட்டும் அதெத்தான் சொன்னாரு." கலனை மூடினார். "அவரெ நாங்க மன்னிச்சிட்டம். உங்களுக்கு வேணுமெண்டா நீங்கதான் வந்து கேக்கணும். எனக்கிட்ட இல்ல, எல்லாருக்கும் முன்னால."

"ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை அதே இடத்தில் கூட்டம். இந்த வருடத்து வெட்டுகளை விளக்க வேண்டும். பேச்சை எழுதித் தந்திருக்கிறார்கள். இம்முறை எனக்குப் பின்னால் எழும்ப நீ இல்லை. அதனால் உன் வசனத்தை நானே எடுத்துக்கொள்கிறேன். "அண்டைக்கு எம்.பி. என்ன சொன்னாரெண்டா..." என்று தொடங்கி, பொய் சொன்னார் என்று முடிக்க வேண்டும்.

காலையிலிருந்து தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன். தொடக்கம் வருகிறது. முடிவு இன்னும் வாயில் வரவில்லை, மச்சான்.