மரத்துக்கு வளைந்த சுவர்

கும்மிடிப்பூண்டி
மார்ச் 1977

அன்பு மகன் ஜெயராஜுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் விசாகப்பட்டினத்தில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு இரும்பு கம்பெனியில் இந்த வாரம் நைட் ஷிப்ட், பகலில் தூங்கவிடாமல் உன் தங்கை விக்டோரியா ரேடியோ வைக்கிறாள் என்று தினம் சண்டை.

நீ வரைந்து அனுப்பிய வீட்டுப் படம் வந்தது. கடலைப் பார்த்த குன்றுச் சரிவில் உன் முதலாளி லீவுக்கு வந்து காற்று வாங்க ஒரு வீடாம், அது இயற்கையோடு கலந்திருக்க வேண்டுமாம். நன்றாகத்தான் கலந்திருக்கிறது. கூடத்து நடுவே பாறை, கூரையைப் பொத்துக்கொண்டு முந்திரி மரம், சுவருக்குப் பூச்சு கிடையாது, மேலே பனையோலை. அதைப் பெருமையாக ஜெபக்கூட்டத்துக்கு எடுத்துப்போன என் புத்தியைச் சொல்ல வேண்டும். மகன் கட்டுகிற வீடு என்றேன், உன் சொந்த வீடு என்று எண்ணிக்கொண்ட போதகர் கண்ணை மூடி, இந்தப் பிள்ளை பூச்சு வேலையை முடித்து ஓடு போட வழி காட்டும் ஆண்டவரே என்று உருக்கமாக ஜெபித்தார், எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பக்கத்து வீட்டு சின்னப்பொண்ணு வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாறைய ஒடைக்கக்கூட ஆள் வெக்க முடியலயா சாராளு, புள்ள இன்னா கஷ்டத்துல கீதோ" என்று கண் கலங்கினாள். நாம் ஓலையிலிருந்து ஓட்டுக்கு வர உன் அப்பா உலையடியில் வெந்தார், உன் முதலாளி காசைக் கொட்டி ஓலைக்குப் போகிறார். ஒரு மழைக்கு ஒழுகட்டும், இயற்கை என்னவென்று அவருக்குத் தெரியும்.

பணம் இருக்கிறவன் கூத்து என்று விட்டிருப்பேன். ஆனால் கடைசியில் எழுதினாயே, சரிவில் ஒரு மீன்காரி குடிசை இருக்கிறது, அந்த இடத்தோடு ஒட்டாமல் அசிங்கமாக நிற்கிறது, அடுத்த வாரம் அதை அப்புறப்படுத்திவிட்டு அஸ்திவாரம் போடுகிறோம், ஆசீர்வதித்து எழுது என்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடையதும் பனையோலைதானே, நீ போட்டால் அழகு, அவள் போட்டால் அசிங்கமா? இங்கே தொழிற்சாலைக்கு நிலம் அளந்தபோது நம் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள், நீ அப்போது ஐந்தாம் வகுப்பு, ரோட்டோரத்தில் சட்டி பானைகளோடு உட்கார்ந்து, "ஊட்டுக்குப் போலாம்மா" என்று அழுதாய். வந்த ஆபீசர் படத்தை விரித்து விரித்துப் பார்த்தாரே தவிர நம் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஆளைப் போல ஆகத்தானா உன்னைப் படிக்க வைத்தோம், வெட்கமாக இருக்கிறது ஜெயராஜ். முந்திரி மரத்தை வெட்ட மனசு வராமல் சுவரை வளைத்தாயாம், ரொம்ப நல்ல மனசு, அது ஒரு பொம்பளைக்காகவும் கொஞ்சம் வளையட்டும். முதலாளியிடம் பேசு, வீட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல். வேலை போனால் வந்துவிடு, இங்கே கம்பெனிகளில் ஆள் எடுக்கிறார்கள்.

தலைக்கு எண்ணெய் வை, வெயிலில் குன்று ஏறும்போது தொப்பி போட மறக்காதே. உன் அப்பா ஆசீர்வாதம் எழுதி முடிக்கச் சொன்னார். அந்த மீன்காரி தன் குடிசையில்தான் இருக்கிறாள் என்று நீ பதில் போடு, அப்புறம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா சாராள்