நூறு கிலோ போய் நூற்று முப்பது வந்த வகுப்பு

மார்ச் 3, திங்கள்
கெமிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு குழுவும் காய்ச்சி வடிக்கும் கோபுரம் ஒன்றை வடிவமைக்க வேண்டும். இனி விரிவுரை கிடையாது, கலந்துரையாடல்தான் என்று அறிவித்தேன். அதை விளக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

மார்ச் 5
கேள்வி கேட்டேன். எல்லோரும் நோட்டைப் பார்த்தார்கள். நானே பதில் சொன்னேன். அடுத்த கேள்விக்கும் நானே. வீட்டில் புலம்பியபோது மனைவி சிரிக்கக்கூட இல்லை. "கல்யாணம் ஆன நாள்லேருந்து இது எனக்குத் தெரியும்," என்றாள்.

மார்ச் 10
துறைத்தலைவர் வெள்ளிக்கிழமை வகுப்பில் வந்து உட்காரப்போகிறார். பிள்ளைகள் பேசாவிட்டால் பாடம் பழைய ஆசிரியருக்கே போய்விடும். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பாடம்.

மார்ச் 13
எப்படிக் கலந்து பேசுவது என்று நாள் முழுக்கப் பேசிக் காட்டினேன். தொண்டை கரகரக்கிறது.

மார்ச் 14, காலை
குரல் போச்சு. சுத்தமா. இன்னைக்குத்தானா போகணும்?

மாலை
கரும்பலகையில் எழுதினேன்: 'குரல் இல்லை. மூன்றாம் குழு வரலாம்.'

"ரேடியோ ஆஃப்டா," என்றான் ஒருவன். எனக்கு அப்படியொரு பெயர் இருப்பது இன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் குழு அதை அழித்துவிட்டுக் கணக்கை எழுதியது. கோபுரத்துக்குள் போவது மணிக்கு நூறு கிலோ. வெளியே வருவது நூற்று முப்பது. அப்போதுதான் வந்து பின்வரிசையில் உட்கார்ந்த தலைவர் பேனாவைத் திறந்தார். தவறு எங்கே என்று எனக்கு உடனே தெரிந்தது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

இதுவரை வாயே திறக்காத மாணவி ஒருத்தி எழுந்தாள். "மீதி முப்பது கிலோவ யாருப்பா பெத்தது?"

அவ்வளவுதான். வகுப்பே பலகைக்கு வந்துவிட்டது, சுண்ணக்கட்டிக்குச் சண்டை. உச்சியில் குளிர்வித்துக் கோபுரத்துக்கே திருப்பி அனுப்பும் முப்பது கிலோவை, வெளியே போனதிலும் சேர்த்திருக்கிறார்கள். அவர்களே கண்டுபிடித்தார்கள். மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை.

தலைவர் கை குலுக்கினார். "குறுக்க பேசாம இருக்கறதுதான் சார் கஷ்டம். எங்க பயிற்சி எடுத்தீங்க?"

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். பாடம் எனக்கே.

மார்ச் 18
குரல் வந்துவிட்டது. மனைவிக்கு மட்டும் தெரியும், வருத்தப்பட்டாள். வகுப்பில் இன்னும் பலகையில்தான் எழுதுகிறேன்.