என் முடி, அவன் முடி

வியாழனின் பனிநிலா யூரோப்பா, ஆய்வுக்கூடம்
நாள் 112, காலை 9.10
வழக்கமான பதிவு. எழுதுவது உயிரியலாளர் மங்களேஸ்வரி. இங்கே நாங்கள் இருவர்தான். பனிக்கடலில் எடுத்த ஒற்றைச்செல் உயிரிகள் குப்பியில் நலம். நுண்ணோக்கியின் அளவுக்கண்ணாடி நாங்கள் தரையிறங்கும்போதே உடைந்துவிட்டது. அதனால் ஆளுக்கொரு தலைமுடியைச் செல்லின் பக்கத்தில் வைத்து அளக்கிறோம். இருவர் முடியும் எண்பது மைக்ரோமீட்டர் தடிமன், பூமியிலேயே அளந்தது. செல் என் முடியில் பாதி. ஆக, நாற்பது.

நாள் 115, காலை 9.30
துளைப்பொறியாளன் பொன்ராஜ் அதே குப்பியை அளந்து எண்பது என்கிறான். எனக்கு இன்றும் நாற்பதுதான். சாப்பிட்ட கையைக்கூட ஒழுங்காகக் கழுவாத ஆள். குப்பியில் என்ன கலந்தான்?

நாள் 117, பகல் 1.00
செல்கள் ஒட்டிக்கொண்டு திசுவாகிவிட்டன. அடுத்து உறுப்பு, அப்புறம் முழு உயிர். அதற்கு ஓர் உடம்பு வேண்டும். அளவு மாறுவது பொன்ராஜ் பக்கம்தானே? அவை அவன் உடம்புக்குள் புகுந்திருக்க வேண்டும். அவன் மீட்புக்கலத்தைப் பார்க்க வெளியறைக்குப் போனதும் கதவைப் பூட்டிவிட்டேன். அங்கே காற்று மாலை வரைதான் வரும். ஆனாலும் திறக்கமாட்டேன்.

வானொலியில் அவன்: "யக்கா, நாலு மாசமா ஒண்ணா உக்காந்து சோறு திங்கோம். என்னப் போயி சந்தேகப்படுதியளே. ஒங்க முடியையும் என் முடியையும் ஒரே நுண்ணோக்கியில வச்சுப் பாருங்க. அப்பொறம் என்ன வேணும்னாலும் செய்யுங்க."

பகல் 2.20
அவன் தொப்பியிலிருந்து ஒரு முடி எடுத்தேன். பக்கத்தில் என்னுடையது. என்னுடையது இரண்டு மடங்கு தடிமன். நீளவாக்கில் வெட்டிப் பார்த்தேன். உள்ளே வரிசை வரிசையாக அதே செல்கள்.

அவை வளர வளர என் முடியும் தடித்திருக்கிறது. அதனால்தான் என் கணக்கு மாறவேயில்லை. அவன் அளந்ததுதான் சரி. அந்தப் பிள்ளையை மூச்சுத்திணறிச் சாகவிட இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

பகல் 3.00
எதிரே இரண்டு விசைகள். ஒன்று கதவைத் திறக்கும். மற்றது மீட்புக்கலத்தை விடுவிக்கும். கலம் அவனை மேலே சுற்றும் தாய்க்கலத்தில் சேர்த்துவிடும். வானொலியில் எல்லாவற்றையும் சொல்லி, கலத்தில் ஏறச் சொன்னேன். அவன் அழுதுகொண்டே, "ஏறிட்டேன் யக்கா. அமுக்குங்க."

3.08
கலத்தின் விசையைத்தான் அழுத்தப் போனேன். கதவு திறக்கிறது. விரல் என் சொல்லைக் கேட்காமல் மற்ற விசையை அழுத்திவிட்டது. வராதே, வராதே என்று கத்தினேன்.

ஆனால் என் குரலில் அறையில் கேட்டது வேறு: "வா தம்பி. அக்கா தப்பா அளந்துட்டேன். ஒண்ணுமில்ல, வா."

அவன் கலத்திலிருந்து இறங்குகிறான்.