குன்றுக்காரர் கொடுக்கும் தண்ணீர்

செப். 8, திங்கள்

மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை. ஒரே புழுக்கம். மாதா திருநாள். அம்மா காலைப் பூசைக்குப் போனாள், நான் போகவில்லை. 7.40 பஸ். திண்டிவனத்தில் ஏறி விழுப்புரம் வரை நின்றுகொண்டே. பாட்டில் தண்ணீர் விக்கிரவாண்டிக்கு முன்பே காலி.

இன்று செய்ய:
– தூதுவன் காட்சி, மூன்று பதிலும் ஓடுகிறதா பார்க்க
– குன்றுக்காரர் முகங்கள் நாலு, வரைந்து வாங்க
– அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து
– செருப்பு தைக்க

முதல் இரண்டும் முடிந்தது. செருப்பு நாளைக்கு.

சாயங்காலம் கிளம்பும்போது வினோத்தின் பிழைக் குறிப்பு. எங்கள் கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிப்பதுதான் அவன் வேலை. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்: "குன்றுக்காரர் தண்ணீர் கொடுக்கும்போது 'இப்பதான் குடிச்சேன்' என்று மரியாதையாகச் சொன்னால் பகை 25 ஏறுகிறது. குடுக்கையைத் தட்டிவிட்டால் 10 மட்டுமே ஏறுகிறது. எண்கள் இடம் மாறிவிட்டன. திருத்தவும்."

இடம் மாறவில்லை. தெரிந்தேதான் போட்டேன். பதில் எழுதாமல் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் முழுக்க எரிச்சல்.

செப். 9, செவ்வாய்

வெயில். ஆபீஸ் மாடியில் ஃபேன் சுற்றினால் கீழே உள்ள உரக்கடையின் பூச்சிமருந்து நாற்றம்தான் மேலே வருகிறது. கடை கதிர் அண்ணனின் அப்பாவுடையது. கோலியனூரில் நிலம், நீச்சு எல்லாம் உண்டு. மாடியில் நாங்கள் ஐந்து பேர். அண்ணன்தான் முதலாளி, ஆனால் முதலாளி என்று கூப்பிட்டால் கோபம் வரும். "நாம எல்லாம் ஒரே டீம்."

இந்த விளையாட்டில் கோட்டை கட்டலாம், ஏரி வெட்டலாம், படை சேர்க்கலாம். பெரிய அரசர்கள் நாலு பேர். அவர்களோடு பேசலாம், பெண் கொடுக்கலாம், கப்பம் கட்டலாம். குன்றுக்காரர்களோடு மட்டும் பேச்சே கிடையாது. வருவான், மாட்டை ஓட்டிப் போவான், சாவான். மறுபடி ஒருத்தன் வருவான். அவர்களுக்கு ஊர் இல்லை, பெயர் இல்லை. "அவங்க வாயத் தொறந்து பேசணும்ண்ணே" என்று ஏப்ரலில் கேட்டது நான். அண்ணன் சரி என்றார். அன்றைக்கு இரண்டு பிரியாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அப்புறம் ஐந்து மாத வேலை. தூதுவன் குன்றுக்குப் போக வேண்டும். போனதும் சுரைக்குடுக்கையில் தண்ணீர் தருவார்கள். மூன்று பதில். குடிக்கலாம். "இப்பதான் குடிச்சேன்" எனலாம். தட்டிவிடலாம். அதற்குப் பிறகுதான் மாடு, எல்லை, உடன்படிக்கை எல்லாம்.

வினோத் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"நாலு பேர உக்கார வெச்சு ஆடவுட்டேன் ஸ்டெல்லா. நாலு பேரும் நடுவுல கீறதத்தான் அமுக்குறாங்க. அமுக்கிட்டு, இவனுங்க ஏன்டா அடிக்க வர்றானுங்கன்னு என்னைக் கேக்குறாங்க. பேஜாராப் போச்சு."

"ஏன் குடிக்கல அவங்க?"

"காட்டுத் தண்ணி. எதுனா கலந்து குடுத்துட்டானுங்கன்னா?"

"அப்ப தட்டிவுட வேண்டியதுதான?"

"ச்சீ, அது அசிங்கமா இருக்கும்ல?"

நாலு பேருமே நல்லவர்கள். ஒருத்தன்கூடத் தட்டிவிடவில்லையாம்.

வீட்டுக்கு வந்தால் கன்னியம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஏரிக்கரை இருளர் வீட்டுக்காரி, மல்லாட்டைக் கடலை பிடுங்கும் காலத்தில் அம்மாவோடு கூலிக்குப் போனவள். நண்டு கொண்டுவந்தாளாம். அம்மா அவளுக்கு அலுமினியத் தட்டில் சோறு போட்டுக் கொடுத்தாள். எனக்கு ராத்திரி நண்டுக் குழம்பு. நாலு தோசை. வயிறு நிறைந்தும் கோபம் குறையவில்லை.

கண் மருந்து மறந்துவிட்டேன்.

செப். 10, புதன்

அண்ணனே கூப்பிட்டுக் கேட்டார். "மரியாதையாத்தானம்மா சொல்றான். அதுக்கு எதுக்கு இவ்ளோ கோவம் வரணும் அவங்களுக்கு?"

நிஜமாகவே புரியாமல் கேட்கிறார். அதுதான் தாங்கவில்லை.

நான் சொன்னது: "தட்டிவிட்டவன் எதிரின்னு தெரிஞ்சிடும்ண்ணே. அவன்கிட்ட என்ன பேசறதுன்னும் தெரியும். சிரிச்சிக்கினே வேணாம்னு சொல்றவன் நாளைக்கு உடன்படிக்கையில கையெழுத்துப் போட்டா அத எப்படி நம்புறது?"

"ரொம்ப யோசிக்கிற ஸ்டெல்லா. ஆடறவனுக்கு இது புரியாது. வெள்ளிக்கிழம காசு போடற சென்னைக்காரங்க பாக்கப் போறாங்க. அதுக்குள்ள ஜல்தியா எடுத்துடு."

எடுத்துடு. சட்டையில் ஒட்டிய முடியா அது?

அண்ணனிடம் சொல்லாமல் வந்தது: ஜூலையில் எனக்குக் காய்ச்சல், ஒரு வாரம் படுக்கை. அண்ணன் காரை எடுத்துக்கொண்டு திண்டிவனம் தாண்டி எங்கள் காலனி வரைக்கும் வந்து லேப்டாப் கொடுத்தார். உச்சி வெயில். அம்மா டம்ளரைத் தேய்த்துக் கழுவி, பானைத் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள். "வேணாம்மா, இப்பதான் குடிச்சேன்" என்று கும்பிட்டார். சிரித்த முகம். நாற்காலியிலும் உட்காரவில்லை. நான் ஜன்னல் பக்கம் படுத்திருந்தேன். தெரு முனையில் கார் நின்றது. பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று முழுசாகக் குடித்தார். அப்புறம்தான் வண்டி கிளம்பியது.

அம்மா அந்தத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டு, "நல்ல புள்ள, இவ்ளோ தூரம் வந்துட்டுப் போவுது" என்றாள். அம்மா மேலும் அன்றைக்குக் கோபம்.

மறு வாரம்தான் அந்த 25 போட்டேன். முதலில் 50 போட்டு, அப்புறம் குறைத்தேன்.

செப். 11, வியாழன்

தூறல். பஸ் லேட். பாண்டி ரோட்டில் தண்ணீர் தேங்கி, தைத்த செருப்பு மறுபடி பிய்ந்தது.

சொல்லிவிட்டேன்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இன்னும் எடுக்கலியா?" என்றார். வினோத் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான்.

"எடுக்க மாட்டேண்ணே. அத எடுக்கறதுன்னா என் பேரையும் எடுத்துடுங்க. நாளைலேர்ந்து நான் வரல."

"ஒரு டம்ளர் தண்ணிக்கா இவ்ளோ?"

"ஆமா. ஒரு டம்ளர் தண்ணிக்குத்தான். எங்க வீட்டுல குடுத்தாங்களே, அந்த டம்ளர்."

அவருக்கு ஞாபகம் வரவே கொஞ்ச நேரம் ஆனது. எனக்கு ஒரு நாளும் மறக்கவில்லை.

"அது வேற ஸ்டெல்லா. எனக்கு நெஜமாவே தாகம் இல்ல அன்னிக்கி."

"முனையில காரை நிறுத்திட்டுக் குடிச்சீங்க. பாத்தேன்."

முகம் செத்துப்போனது. வினோத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் கடைக்கு இறங்கிப் போனார். கீழே யாருக்கோ பொட்டாஷ் மூட்டை எடுத்துப் போடச் சொல்லும் சத்தம் கேட்டது.

அழவில்லை. பையிலிருந்த பாட்டிலை எடுத்துக் குடித்தேன். எங்கள் ஆபீசில் ஆளுக்கு ஒரு பாட்டில். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது, யாரும் யார் பாட்டிலிலும் குடித்ததில்லை. இதையும் இன்றைக்குத்தான் கவனித்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. வேலை போனால் பார்த்துக்கொள்ளலாம்.

செப். 12, வெள்ளி

வேலை போகவில்லை.

காலையில் எனக்கு முன்பே அண்ணன் வந்து உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. "இருக்கட்டும். நீ போட்டது அப்படியே இருக்கட்டும்" என்றார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தேன், சும்மா எழுதுகிறேன்.

அப்புறம் கேட்டார்: "ஒண்ணு மட்டும் சொல்லு. ஒருத்தன் ஒரு வாட்டி அப்படிச் சொல்லிட்டான், தப்புன்னு தெரிஞ்சு திரும்பி வர்றான்னு வெச்சுக்கோ. அவனுக்கு எதுனா வழி உண்டா?"

"இல்ல."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே இல்லண்ணே. அந்த 25 எறங்காது."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். தூதுவன் இரண்டாம் முறை போனால் குன்றுக்காரர் என்ன சொல்வார்கள் என்ற இடம் கோப்பில் காலியாகத்தான் கிடக்கிறது. நிரப்பப் போவதில்லை. உடம்பு முழுக்க ஜெயித்த சூடு. கெட்ட சூடுதான், ஆனால் நன்றாக இருந்தது.

மத்தியானம் சென்னைக்காரர்கள் பார்த்தார்கள். அதில் ஒருத்தர் நடுப் பதிலை அமுக்கி, அடி வாங்கி, மூன்று பதிலையும் மறுபடி படித்துவிட்டு "ஓ" என்றார். அவ்வளவுதான், "ஓ". எனக்கு அது போதும். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு குறை: குன்றுக்காரர் பேச்சு எழுத்தாக ஓடுகிறது, குரல் வேண்டும். நடிகர் குரல் கூடாது, நிஜமான குரலாக இருக்கட்டும் என்றார்கள்.

"எங்க ஊர்ல ஒருத்தவங்க கீறாங்க" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். கன்னியம்மாவின் குரல். ஏரியில் இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும்.

கண் மருந்து வாங்கிவிட்டேன், ஒருவழியாக.

செப். 13, சனி

காலை வெயில் சுள்ளென்று. 10 மணிக்கு ஏரிக்கரை. வேலிக்காத்தான் புதர் தாண்டி ஆறு வீடு. கன்னியம்மா வீடு கடைசி. ஆட்டுக்குட்டி ஒன்று, கோழி நாலைந்து. பிறந்ததிலிருந்து இதே ஊர், அந்த வீட்டு வாசலுக்கு இன்றுதான் போகிறேன்.

போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, நான் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். முதல் வரி நான் எழுதியது: "யார் நீ? எங்கள் இடத்தில் உனக்கு என்ன வேலை?"

கன்னியம்மா சிரித்துவிட்டாள். "இன்னாம்மா இது, வூட்டுக்கு வந்தவங்கள இப்பிடியா கேப்பாங்க?"

"அப்ப எப்படிக் கேப்பீங்க?"

"வெயில்ல வந்துக்கிற, குந்து, தண்ணி குடின்னுதான் சொல்லுவோம். இரு, கொண்டாறேன்."

உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"இல்ல கன்னியம்மா, இப்பதான் குடிச்சேன்."

யோசிக்கவே இல்லை. வாயில் தயாராக இருந்தது. நான் சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

"சரிம்மா" என்றாள். தண்ணீரைக் கோழி குடிக்கும் கொட்டாங்கச்சியில் ஊற்றிவிட்டு உட்கார்ந்து மீதி இருபத்திரண்டு வரியையும் சொல்லிக் கொடுத்தாள். நல்ல குரல். ஒரு வரிகூடப் பிசகவில்லை. நானும் ஒன்றும் உணராமல் "சூப்பர், இன்னொரு வாட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரை மேலே ஏறியதும் தொண்டை வறண்டது. நின்று, பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, பாதி குடித்துவிட்டேன். அதற்கப்புறம்தான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் நான் நிற்பது நன்றாகத் தெரியும். வாசலில் கன்னியம்மா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்தாளா, தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னவென்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். வெளிச் சுவரில் ஆணியில் அந்த அலுமினியத் தட்டு தொங்குகிறது. மழையிலும் வெயிலிலும் அங்கேயேதான் தொங்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளாக. அதில் நாங்கள் யாரும் சாப்பிட்டதில்லை.

"ஏம்மா அந்தத் தட்டு உள்ள வரக்கூடாதா?"

"எந்தத் தட்டு?" என்றாள் அம்மா. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். அப்புறம், "அது கன்னியம்மா தட்டுடி, அங்கயே இருக்கட்டும்."

அண்ணன் மேல் நான்கு நாள் கொட்டிய கோபம் முழுக்க இருக்கிறது, அப்படியே. குறையவில்லை. அவர் செய்தது செய்ததுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது? என் மேல் எனக்கு வருகிற ஆத்திரத்தில் இந்தப் பேனாவை உடைக்கலாம் போல இருக்கிறது.

சாயங்காலம் ரெக்கார்டிங்கைக் கேட்டேன். இரண்டாவது நிமிஷத்திலேயே இருக்கிறது. "இல்ல கன்னியம்மா, இப்பதான் குடிச்சேன்." இனிமையான குரல். தூதுவனுக்கு ஆள் தேடவே வேண்டாம். அம்மா வயசு அவங்களுக்கு. நான் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

அதற்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம். கோழி ஓடிவரும் சத்தம்.

அண்ணனிடமிருந்து மெசேஜ்: "குரல் எப்படி வந்துக்குது?" பதில் போடவில்லை.

கோப்பைத் திறந்து அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூதுவன் திரும்பி வருகிறான். குன்றுக்காரர் என்ன சொல்வார்கள்? எனக்குத் தெரியாது. என்னால் எழுத முடியாது. நான் அந்தப் பக்கத்து ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு:
– 7 மணிப் பூசை, அம்மாவோடு
– தட்டை ஆணியிலிருந்து எடுக்க
– ஏரிக்கரை, கன்னியம்மா அக்கா வீடு
– தண்ணீர் பாட்டில் எடுத்துப் போகக் கூடாது