சேருகிற இடத்தில் ஒரு வாளி

வாலு,

சாவிக்காகச் செருப்புப் பெட்டியைத் திறப்பாய் என்றுதான் சீட்டை இங்கே வைக்கிறேன். நான் கண் டாக்டரிடம் போகிறேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. வாசல் மணியை அடிக்காதே, அப்பா தூங்குகிறார். எங்கே தெரியுமா? பழைய வீட்டோடு ஒட்டி நீ கட்டிய புது அறையில்தான்!

நீ வேலைக்குக் கிளம்பியதும் மழை பிடித்துக்கொண்டது. நம் பழைய ஓடும் உன் கான்கிரீட்டும் சேருகிற இடத்துக்கு நேர் கீழே அப்பா வாளியை வைத்தார், பக்கத்திலேயே நாற்காலியும் போட்டுக்கொண்டார். "பழசும் புதுசும் ஒட்டாது, ஒழுகத்தான் செய்யும்" என்று உன்னிடம் கத்திய மனுஷன் ஆயிற்றே! நீ மட்டும் விட்டாயா? "ஒழுகுனா நானே இடிச்சுத் தள்ளுறேன்" என்றாய். நீ சொன்னால் செய்துவிடுவாய் என்றுதான் அவருக்குப் பயம். மழை கொட்டக் கொட்ட மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார், டீயைக்கூடத் தொடவில்லை.

மழை விட்டதும் வாளிக்குள் கையை விட்டுத் துழாவினார். "ஏண்டி, சொட்டுத் தண்ணி இல்ல! பொழச்சா எம்பொண்ணு" என்றார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. அப்படியே அங்கே சாய்ந்துவிட்டார்.

கேலி பண்ணித் தொலைக்காதே. வாளி அங்கேயே இருக்கட்டும், அவரே எடுப்பார்.

அம்மா

சீட்டை மடிக்கும்போது உள்ளேயிருந்து குரல்: "அவ எத்தன மணிக்கு வருவா?" அந்தச் சண்டைக்குப் பிறகு ஒரு மாதமாக உன் முகத்தையே பார்க்காதவர்! சாவியை எடுக்காதே. மணியை அடி, அவரே வந்து கதவைத் திறக்கட்டும்.