பேசாத பேச்சுக்கு ஒரு மறுமொழி

என் அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம். அங்கே நீயும் வேளைக்கு உண்டு, வேளைக்கு உறங்கி நலமாயிருக்கிறாய் என்று உன் கைப்பட எழுதி வந்தால்தான் எங்கள் நலம் முழு நலமாகும். அப்பாவுக்கு முழங்கால் வலி தணிந்திருக்கிறது. இப்போதெல்லாம் மாடிப்படியின் நடுவில் நின்று மூச்சு வாங்காமல் ஏறிவிடுகிறார். குளியலறைக் குழாய் ஒழுகியதை ஆள் வைக்காமல் தாமே பழுது பார்த்தார். ஒழுகல் நின்றுவிட்டது, திறந்தாலும் நீர் வருவதில்லை. நான் வகுப்புக்குப் போகும் நாள்களில் அடுக்களை அவர் ஆட்சி. என் பையையும் நீர்ப்புட்டியையும் மூக்குக்கண்ணாடியையும் வாயிலில் எடுத்து வைத்து, "யாரோடயும் சண்டை போடாம போயிட்டு வரணும், சரியா?" என்று எதிர்வீட்டாருக்கும் கேட்கும்படி சொல்லி அனுப்புகிறார்.

இந்த வயதில் எனக்கு மேலாண்மைப் படிப்பு எதற்கு என்று உன் தோழியர் கேட்பதாகவும், நீ சிரித்து மழுப்புவதாகவும் எழுதியிருந்தாய். மழுப்ப வேண்டாம் மகளே, நெஞ்சை நிமிர்த்திச் சொல். மருத்துவமனைகளின் விரிப்பையும் உறையையும் வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் எங்கள் கூட்டுறவுச் சலவையகத்தின் பொதுக்குழுவில், தலைமை ஏற்பவர் மேலாண்மை கற்றே தீரவேண்டும் என்று முழங்கியவள் நான்தான். யாரையேனும் இளையவரை அனுப்புவார்கள் என்று எண்ணி முழங்கினேன். முழங்கி முடித்து அமர்ந்ததும், "அப்ப அக்காவே போகட்டும்" என்று தேய்ப்பு மேசைப் பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள். நான் சொன்ன சொல்லே என் கையைப் பிடித்து வகுப்பறைக்கு இழுத்துப் போயிற்று. அந்த வகுப்பறையில் நான் பழகிய மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. பேராசிரியர் பள்ளத்தில் நிற்கிறார், மாணவர் நாங்கள் படிப்படியாக மேலே அமர்ந்திருக்கிறோம். ஏதேனும் ஒரு நிறுவனத்தின் சிக்கலை முன்னரே படித்து வரவேண்டும். அவர் யாரைச் சுட்டுகிறாரோ அவர் எழுந்து தொடங்கவேண்டும். முதல் நாள் என்னைச் சுட்டினார். அவையோர்க்கு வணக்கம் கூறி, உழைப்பின் பெருமையிலிருந்து தொடங்கி, நான் இன்னும் நிறுவனத்தின் பெயருக்கே வந்து சேராத நிலையில் பேராசிரியர் கடிகாரத்தைக் காட்டிவிட்டார். அன்று முதல் எனக்கு மைக்கம்மா என்று பெயர். என் பிள்ளைகள் வயதுள்ளவர்கள் அப்படி அழைப்பது எனக்குச் சினமூட்டவில்லை, உண்மையைச் சொன்னால் சிறிது பெருமையாகவே இருந்தது.

அந்தப் பெருமைதான் என்னை வழுக்கிவிட்டது. பேரம்பேசும் கலை என்று ஒரு பாடம். இரண்டு அணிகள் எதிரெதிரே அமர்ந்து, ஒன்று முதலாளி தரப்பாகவும் மற்றொன்று தொழிலாளர் தரப்பாகவும் பேசி உடன்பாட்டுக்கு வரவேண்டும். எதுவரை இறங்கலாம் என்பதைப் பேராசிரியர் ஒவ்வோர் அணியையும் தனியே அழைத்துக் காதில் போடுவார். அந்த எல்லையை எதிரணி அறியக் கூடாது. என் அணியில் ஒரு வங்கிக்காரரும், மருத்துவமனைச் செவிலிப்பெண் ஒருத்தியும். வங்கிக்காரரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அவர் எங்கே போட்டாலும் முளைப்பார். செவிலிப்பெண்ணின் நிலை வேறு. முதலாண்டில் உயர்ந்த மதிப்பெண்ணோடு மேல்நிலைத் தேர்ச்சி பெற்றால்தான் அவளுடைய மருத்துவமனை இரண்டாம் ஆண்டு படிக்க விடுப்புத் தரும். தவறினால் படிப்பை அத்தோடு முடித்துக்கொண்டு பழையபடி நோயாளிக் கூடத்துக்குத் திரும்பவேண்டும். மற்றப் பாடங்களில் அவள் கரையேறிவிட்டாள். இந்த ஒரு பாடம்தான் நின்றது. இதில் இரண்டு சுற்றுப் பேரத்தையும் சேர்த்து, அணியில் எல்லாருக்கும் ஒரே மதிப்பெண்.

முதற் சுற்றில் நாங்கள் முதலாளி தரப்பு. அட்டைப்பெட்டி ஆலையில் இரவுப் பணியைப் புகுத்த ஒப்புதல் பெறவேண்டும். பேச்சு என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். நன்றாகத்தான் தொடங்கினேன். இரவுப் பணியின் தேவையை விளக்கும்போது, விடியலில் வீடு திரும்பும் தொழிலாளியின் கண் எரிச்சலைப் பற்றி ஒரு சொல் சொன்னேன். எதிரணி கைதட்டியது. கைதட்டல் கேட்ட மேடைப் பேச்சாளர் என்ன செய்வார் என்று உனக்குத் தெரியும். அவன் படுக்கப்போகும் வேளையில் அவன் குழந்தை பள்ளிக்குப் புறப்படும் காட்சியைச் சொன்னேன், தட்டல் வலுத்தது. கைதட்டல் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் என் பேச்சு முழுதாகத் திரும்பிவிட்டது, இத்தகைய இரவை எந்த மனிதர் தலையிலும் சுமத்தலாகாது என்று முடித்து அமர்ந்தேன். வகுப்பே ஆர்ப்பரித்தது. பேராசிரியர் மட்டும் தாடையைத் தடவிக்கொண்டு, "அம்மா, நீங்க எந்தக் கட்சி?" என்றார்.

யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். கைதட்டலை நீங்க வாங்கிட்டீங்க, மார்க்கை அவங்க வாங்கிட்டாங்க என்று வங்கிக்காரர் சொல்லித் தேநீர் வாங்கிக் கொடுத்தார். செவிலிப்பெண் கோப்பையை இரு கைகளாலும் பிடித்தபடி, "கோவிச்சுக்காதீங்கம்மா. அடுத்த தடவை நான் பேசறேன். நீங்க வாயத் திறக்கவே கூடாது" என்றாள். ஊசி போடும் முன் நோயாளியிடம் சொல்லும் அதே மென்மையான குரல். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் குமுறினேன். அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சோற்றுத் தட்டுச் சரிந்தது. எங்களுக்குத் திருமணம் ஆன நாளிலிருந்து தம்மால் முடியாததை ஒரு பெண்பிள்ளை ஒரு தேநீர் நேரத்தில் முடித்துவிட்டாளே, அவளை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடு என்றார்.

இரண்டாம் சுற்றில் நாங்கள் தொழிலாளர் தரப்பு. ஆலையை நகரின் மறுகோடிக்கு மாற்றுகிறார்கள். போகும் வழிக்கேனும் பேருந்து பெற்றுவிட்டால் எங்களுக்குத் தேர்ச்சி, அதற்கு மேல் பெறுவதெல்லாம் சிறப்பு மதிப்பெண்; முதற் சுற்றில் நான் இழந்ததை ஈடுகட்ட அதுவும் வேண்டும். எதிரே முதலாளியாக அமர்ந்தவர் ஒரு வழக்கறிஞர், முதற் சுற்றில் எனக்கு உரக்கக் கைதட்டியவர். தொழிலாளர் தரப்பில் நான் அமர்ந்தால் என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும் என்பது போல் ஆயத்தமாக வந்திருந்தார். செவிலிப்பெண், மாற்றத்தால் எங்கள் மக்களுக்குத் துன்பம், அதற்கு என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டாள். வழக்கறிஞர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் நீர் குடித்தேன். மறுபடி பார்த்தார். மறுபடி குடித்தேன். சொற்கள் தொண்டை வரை வந்து வரிசையில் நின்றன மகளே, ஒவ்வொன்றையும் நீரோடு விழுங்கினேன். பொறுக்கமாட்டாமல் அவரே தொடங்கிவிட்டார்: "அம்மா இப்ப என்ன பேசப்போறாங்கன்னு எனக்குத் தெரியும். பஸ் கேப்பாங்க, ரெண்டு வழிக்கும் கேப்பாங்க. கொடுக்கறோம், அது ஒண்ணும் இல்ல. பஸ்ஸில போற நேரத்தையும் வேலை நேரமா எண்ணுன்னு குழந்தையையெல்லாம் இழுத்துப் பேசுவாங்க. பாதி நேரம் வேணா எண்ணலாம். அதுக்கு மேல எங்களால முடியாது." நான் பேசாத பேச்சுக்கு, வரிக்கு வரி மறுமொழி. செவிலிப்பெண் இமைக்கவில்லை. "சரிங்க. பஸ் ரெண்டு வழிக்கும், நேரத்துல பாதி. ஒத்துக்கறோம்" என்றாள். வழக்கறிஞர் வாய் திறந்தபடி இருக்க, பேராசிரியர் குனிந்து அவரிடம், "அவங்க இன்னும் எதையுமே கேக்கலையேய்யா" என்றார். வகுப்பு சிரித்து ஓய நெடுநேரம் ஆயிற்று. வழக்கறிஞர் நல்ல மனிதர், அவரும்தான் சிரித்தார்.

சென்ற வாரம் தேர்வு முடிவு வெளிவந்தது. செவிலிப்பெண் மேல்நிலையில் மயிரிழையில் தேறிவிட்டாள். அவளுடைய மருத்துவமனையும் விடுப்புக்கு ஒப்புதல் தந்துவிட்டது. நடைகூடத்தில் ஓடிவந்து என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். பழக்க மிகுதியால் நான் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்து, "இப்பப் பேசலாம்மா" என்றாள்.

நானும் தேறிவிட்டேன், அதைக் கேட்க மறந்துவிடாதே. சலவையகத்தில் புதிய நீராவித் தேய்ப்புப் பொறி வருகிறது. அதன் விலைப்பேச்சுக்கு என்னை அழைத்துப்போய் நடுவில் அமரவைத்து, பேசாமலிருக்கச் சொல்லலாமா என்று பெண்கள் கூடிப் பேசுவதாகக் கேள்வி. நீ குளிருக்கு நல்ல காலுறை வாங்கிக்கொள். வேலையில் மேலதிகாரி கடுமை காட்டினால் அன்றே மறுத்துச் சொல், ஆனால் சுருக்கமாகச் சொல். நீ என் மகள் என்பதால் இதைக் கூறுகிறேன். கடைசியாக ஒன்று. போன முறை தொலைபேசியில் நீ "அம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று தொடங்கினாய்; நான் குழாய்க் கதையில் புகுந்துவிட்டேன், நீயும் சரிம்மா என்று வைத்துவிட்டாய். இந்த ஞாயிறு அழைக்கும்போது நான் நீர்ப்புட்டியை அருகில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பேன். நான் என்ன சொல்வேனோ என்று முன்கூட்டியே நினைத்து அதற்கு மறுமொழி சொல்லிக் குறைத்துக்கொள்ளாதே. நீ கேட்க வந்ததை முழுதாகக் கேள்.

எல்லா நலமும் உனக்கு வாய்க்க, உன் சொல் செல்லுமிடமெல்லாம் மதிப்புப் பெற, நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். ஞாயிறு, மறவாதே.

உன் அழைப்புக்கு வாய்மூடிக் காத்திருக்கும்,
அம்மா